கரைந்த குரல்கள்: சைகடெலிக் இசைக்குள் போன வெகுஜனப் பாடகர்கள்

அமெரிக்காவின் டெம்ப்டேஷன்ஸ் குழு 1972இல் வெளியிட்ட ‘பாப்பா வாஸ் எ ரோலிங் ஸ்டோன்’, ஆல்பத்தில் உள்ள முழு வடிவில் பன்னிரண்டு நிமிடத்துக்குச் சற்றே குறைவு. அதில் முதல் குரல் எழ ஏறத்தாழ நான்கு நிமிடம் ஆகிறது. அதுவரை திரும்பத் திரும்ப வரும் ஒரு பேஸ் கிட்டார் துணுக்கு, விடாமல் ஒலிக்கும் தாளத்தட்டு, வா-வா பெடலில் முனகும் கிட்டார், தொலைவில் ஒரு ட்ரம்பெட், வந்து வந்து விலகும் வயலின்கள். பாடியே பேர் வாங்கிய ஐந்து பேர் தங்கள் பாட்டின் வாசலிலேயே காத்து நிற்கிறார்கள். இதே குழு 1965இல் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்த ‘மை கேர்ள்’ மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதில் குரல்தான் எல்லாம்.

இந்த ஏழு ஆண்டு மாற்றத்துக்கு வழக்கமாக இரண்டு காரணங்கள் சொல்லப்படுகின்றன. ஒன்று, எல்.எஸ்.டி.யும் கஞ்சாவும் ஒரு தலைமுறையின் காதுகளைத் திருப்பிவிட்டன என்பது. மற்றது, காற்றடித்த பக்கம் பாய் விரித்த வியாபாரம் என்பது. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் ஒரே போதையும் ஒரே சந்தையும் இருந்த காலத்தில் சிலருடைய சோதனை நிலைத்ததும் சிலருடையது முதல் மாதத்திலேயே மூழ்கியதும் ஏன் என்பதற்கு இவற்றில் பதில் இல்லை.

கிட்டார் வாசிப்பவருக்கு இல்லாத ஓர் ஆபத்து பாடகருக்கு உண்டு. அவருடைய மூலதனம் குரல். சைகடெலிக் இசையின் வேலையோ அந்தக் குரலைக் கரைப்பது. ஆகவே இந்த வரலாற்றைப் படிக்க மூன்று கேள்விகள் உதவும். கரைக்கும் அதிகாரம் யார் கையில் இருந்தது? அதற்கு வேண்டிய ஸ்டுடியோ நேரத்துக்கு யார் பணம் கொடுத்தார்கள்? கரைந்த பிறகும் அது தங்களுக்குப் பழகிய குரல்தான் என்று ரசிகர்கள் கண்டுகொண்டார்களா?

நேரத்தை வாங்கியவர்கள்

சைகடெலிக் இசை என்றதும் சான் பிரான்சிஸ்கோவின் கிரேட்ஃபுல் டெட், டெக்சஸின் தேர்ட்டீன்த் ஃப்ளோர் எலிவேட்டர்ஸ் போன்ற குழுக்கள் நினைவுக்கு வரும். மேடையில் ஒரு பாட்டை அரை மணி நேரம் நீட்டும் பழக்கம் அத்தகைய குழுக்களிடமிருந்து வந்தது உண்மைதான். ஆனால் பின்னோக்கி ஓடும் நாடா, வெட்டி ஒட்டிய பதிவுகள், சுழன்று மங்கும் குரல் என இன்று அந்த இசையின் அடையாளமாக நாம் அறியும் ஒலிகளில் பெரும்பகுதி விற்பனையின் உச்சியில் இருந்த பாப் குழுக்களின் ஸ்டுடியோக்களில் பக்குவப்பட்டது. காரணம் எளியது. ஸ்டுடியோ நேரம் விலையுயர்ந்த சரக்கு. அதை வேண்டுமட்டும் செலவழிக்க, ஏற்கெனவே லட்சக்கணக்கில் இசைத்தட்டு விற்றவர்களுக்கே முடிந்தது.

பீட்டில்ஸ் தங்கள் முதல் ஆல்பத்தின் பதினான்கு பாட்டுகளில் பத்தை 1963 பிப்ரவரி 11 அன்று ஒரே நாளில் பதிந்து முடித்தார்கள். அன்றைய ஈ.எம்.ஐ. நிறுவனத்தில் ஒரு பதிவு அமர்வு மூன்று மணி நேரம். அதற்குள் வேலையை முடிப்பதே முறை. நான்கே ஆண்டில் ‘சார்ஜண்ட் பெப்பர்ஸ்’ ஆல்பத்துக்கு அதே நிறுவனத்தின் கூடத்தில் சுமார் 700 மணி நேரம் செலவானது. அந்த நேரத்தை யாரும் அவர்களுக்குத் தானமாகத் தரவில்லை. விற்பனை அதை வாங்கித் தந்தது. 1966 ஆகஸ்டில் மேடைக் கச்சேரிகளை நிறுத்திக்கொண்டது அதை இன்னும் பெருக்கியது.

விற்பனை வாங்கித் தந்த நேரத்தின் முதல் பெரிய விளைச்சல், கச்சேரிகளை நிறுத்தும் முன்பே 1966 ஏப்ரலில் பதியப்பட்ட ‘டுமாரோ நெவர் நோஸ்’. தம்புரா சுருதியின் மேல் ஏறத்தாழ ஒரே கார்டில் நிற்கும் பாட்டு அது. கார்டுகள் மாறி மாறிக் கேட்பவரை அடுத்த வரிக்கு இழுப்பது மேற்கத்திய பாப் பாட்டின் அடிப்படை உத்தி. சுருதியை ஆதாரமாக வைத்துவிட்டால் அந்த இழுப்பு நின்றுபோகும், நேரம் தேங்கும். நம் காதுக்கு இது புதிதில்லை, லண்டன் பாப் உலகுக்குப் புதிது. அந்தச் சுருதியின் மேல் நாடா வளையங்கள் ஓடின. கூடத்தின் பல அறைகளில் இருந்த டேப் இயந்திரங்களில் ஊழியர்கள் வளையங்களைப் பென்சிலில் மாட்டி இழுத்துப் பிடித்தபடி நின்றார்கள். ஜான் லெனன் தன் குரல் மலையுச்சியிலிருந்து தலாய் லாமா ஓதுவது போலக் கேட்க வேண்டும் என்றார். அப்போது இருபது வயதான ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமரிக், ஹேமண்ட் ஆர்கனுக்கான லெஸ்லி சுழல் ஒலிபெருக்கிக்குள் அந்தக் குரலைச் செலுத்தினார். லெனனின் குரல் அடையாளம் தெரியாமல் போனது. அதைக் கேட்டு வாங்கியவர் லெனன் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அதே ஆண்டு கலிஃபோர்னியாவில், கடலும் காரும் பெண்களும் பாடிப் புகழடைந்த பீச் பாய்ஸ் குழுவின் பிரையன் வில்சன் வேறொரு வழியில் போனார். விமானத்தில் வந்த பதற்றத் தாக்குதலுக்குப் பிறகு அவர் சுற்றுப்பயணங்களை விட்டிருந்தார். குழு ஊர் ஊராகப் பாடிக்கொண்டிருக்க, அவர் லாஸ் ஏஞ்சல்ஸின் கூலிக் கலைஞர்களோடு ஸ்டுடியோவில் இருந்தார். 1966 அக்டோபரில் வெளியான ‘குட் வைப்ரேஷன்ஸ்’ மூன்றரை நிமிடப் பாட்டு. அதற்காக நான்கு ஸ்டுடியோக்களில் ஏழு மாதம் துண்டு துண்டாகப் பதிந்த நாடா 90 மணி நேரத்துக்கும் மேல் ஓடும் என்றும், செலவு 50,000 டாலரைத் தாண்டியது என்றும் சொல்லப்படுகிறது. எலெக்ட்ரோ-தெரமின் கருவியின் நெளியும் ஒலி அதில் ஒரு குரலாகவே மாறியது. பாட்டு அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடம் பிடித்தது.

அடுத்த முயற்சியான ‘ஸ்மைல்’ ஆல்பம் 1967இல் கைவிடப்பட்டது. கேப்பிடல் நிறுவனம் அதற்கு அட்டையையே அச்சடித்துவிட்டிருந்தது. புரியாத வரிகளை ஏன் பாட வேண்டும் என்று குழுவின் பாடகர் மைக் லவ் எழுப்பிய கேள்வியும், வில்சனின் மனநிலையும், நிறுவனத்தோடு நடந்த வழக்கும் சேர்ந்து அதை முறித்தன. இதில் மைக் லவ்வை வில்லனாக்கிக் காட்டுவது பலருக்குப் பழக்கம். கொஞ்சம் நிதானித்தால் அவருடைய தரப்பு தெரியும். இரவு தோறும் மேடையில் நின்று ரசிகரின் முகத்தைப் பார்த்துப் பாட வேண்டியவர் அவர். ஸ்டுடியோவில் கரையும் குரல்களில் ஒன்று அவருடையது. கரைக்கும் கை அவருடையதில்லை.

மோட்டவுன்: தயாரிப்பாளரின் கை

டெட்ராய்ட் நகரின் மோட்டவுன் நிறுவனத்தில் இந்த முரண் இன்னும் கூர்மையாக வெளிப்பட்டது. அதை நிறுவிய பெர்ரி கோர்டி முன்பு லிங்கன்-மெர்க்குரி கார் தொழிற்சாலையின் தொகுப்பு வரிசையில் வேலை பார்த்தவர். எழுதுபவர், இசைப்பவர், பாடுபவர், தரம் பார்ப்பவர் என வேலை பிரித்து, அதே ஒழுங்கில் பாட்டுகளை வெளியே அனுப்பினார். அங்கே பாடகர் கடைசி மேசையில் வருபவர். எந்தப் பாட்டு, எந்த ஸ்தாயி, எத்தனை நிமிடம் என்பதெல்லாம் அவர் வருவதற்கு முன்பே முடிவாகியிருக்கும்.

1967இல் சுப்ரீம்ஸ் குழுவின் ‘ரிஃப்ளெக்ஷன்ஸ்’ தொடக்கத்தில் சோதனைக் கருவியிலிருந்து எடுத்த மின்னொலிகள் துடித்தபோது அந்த நிறுவனத்தின் சுவரில் முதல் கீறல் விழுந்தது. பாட்டு இரண்டாம் இடம் வரை ஏறியது. ஆனாலும் அது ஓரத்து அலங்காரம்தான். முன்னணிப் பாடகி டயானா ராஸின் குரல் எப்போதும்போல் நடுவில், தெளிவாக இருந்தது.

உண்மையான திருப்பம் 1968இல் மோட்டவுன் தயாரிப்பாளர் நார்மன் விட்ஃபீல்டிடமிருந்து வந்தது. ஸ்லை அண்ட் த ஃபேமிலி ஸ்டோன் குழுவின் புதிய ஒலியை டெம்ப்டேஷன்ஸின் ஓட்டிஸ் வில்லியம்ஸ் அவரிடம் சுட்டிக்காட்டியபோது, அது சில நாள் மோகம் என்று முதலில் தள்ளிவிட்டவர் அவர். சில வாரங்களில் அவரே ‘கிளவுட் நைன்’ பாட்டோடு வந்தார். டென்னிஸ் காஃபியின் வா-வா கிட்டார், ஆப்பிரிக்கத் தாள அடுக்கு, ஏழ்மையைப் பற்றிய வரிகள், அவற்றோடு ஐந்து குரல்களும் வரியைப் பங்கிட்டு மாறி மாறி முன்வரும் புதுமுறை. போதையைப் பாடுகிறார்களோ என்று கோர்டி தயங்கினார். குழு மறுத்தது. பாட்டு ஆறாம் இடத்தைத் தொட்டு, மோட்டவுனுக்கு முதல் கிராமி விருதைப் பெற்றுத் தந்தது.

அந்தப் பங்கீட்டை அருகிலிருந்து கவனிக்கத் தகும். அதுவரை டேவிட் ரஃபினோ எடி கெண்ட்ரிக்ஸோ முன்னே பாட, மற்றவர்கள் பின்னே இசைந்து நின்றார்கள். 1968இல் ரஃபின் வெளியேற்றப்பட்டு டென்னிஸ் எட்வர்ட்ஸ் வந்தார். விட்ஃபீல்டின் முறையில் மெல்வின் ஃப்ராங்க்ளினின் அடிவயிற்றுக் குரலுக்கும் தனி வரி கிடைத்தது. ஒருவரின் ஆட்சி போய் ஐவரும் சமமானார்கள். ஆனால் ஐவரும் சமமானபோது ஐவருக்கும் மேலே ஒருவர் உயர்ந்தார், அவர் தயாரிப்பாளர். ‘சைகடெலிக் ஷாக்’, ‘பால் ஆஃப் கன்ஃப்யூஷன்’ என 1970இல் பாட்டுகள் நீள நீள, குரல் இசையின் ஒரு நிறமாகச் சுருங்கியது. மென்மையான காதல் பாட்டுகளை விரும்பிய கெண்ட்ரிக்ஸ் 1971இல் விலகினார். அவர் முன்னின்று பாடிய ‘ஜஸ்ட் மை இமாஜினேஷன்’ அதே ஆண்டு முதலிடம் பிடித்தது. சைகடெலிக் வாசனையே இல்லாத பாட்டு அது.

மறு ஆண்டு வந்ததுதான் நான்கு நிமிடக் காத்திருப்புள்ள அந்தப் பாட்டு. அதை முதலில் பாடியவர்கள் டெம்ப்டேஷன்ஸ் இல்லை. விட்ஃபீல்டின் மற்றொரு குழுவான அன்டிஸ்ப்யூட்டட் ட்ரூத். யார் பாடினாலும் பாட்டு தன்னுடையது என்பதை அவர் அப்படியும் காட்டினார். மூன்று கிராமி விருதுகள் வந்தன. அவற்றில் ஒன்று பாடகர்கள் இல்லாத கருவியிசை வடிவத்துக்கு. விட்ஃபீல்டும் இசைக்கோர்ப்பாளர் பால் ரைசரும் அதைப் பெற்றார்கள். 1973இல் ‘மாஸ்டர்பீஸ்’ ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு ஏறத்தாழ பதினான்கு நிமிடம் நீண்டது. பாட்டுக்குரிய பகுதி அதில் சிறிது. அதற்குப் பின் குழுவும் அவரும் அதிக நாள் சேர்ந்திருக்கவில்லை.

தனிமனித விடுதலையின் இசை என்று கொண்டாடப்பட்ட ஒன்று, இங்கே பாடகரின் பிடியைத் தளர்த்தித் தயாரிப்பாளரை முழு ஆசிரியராக்கியது. அதற்காக அந்தப் பாட்டுகளைக் குறைத்து மதிப்பிடத் தேவையில்லை. டெட்ராய்ட் 1967 ஜூலையில் கலவரத்தில் எரிந்த நகரம். வியட்நாம், வேலையின்மை, தகப்பனில்லாத வீடு எல்லாவற்றையும் வெள்ளை வானொலிக்குள் கொண்டுபோக அந்த நீளமும் இருளும் தேவைப்பட்டன. ஆதாயம் கலைக்கும் சமூகத்துக்கும் போனது. விலையைப் பாடகர்கள் கொடுத்தார்கள்.

பாடகரே கையில் எடுத்தபோது

இதற்கு நேர் எதிர் டாமி ஜேம்ஸ். ‘ஹாங்க்கி பாங்க்கி’, ‘மோனி மோனி’ என்று பதின்வயதினருக்கான துள்ளல் பாட்டுகள் பாடியவர். அவர் பாட்டுகளை வெளியிட்ட ரூலெட் நிறுவனத்தின் மாரிஸ் லெவி, ராயல்டியைக் கேட்டால் மிரட்டல் வரும் என்று பேர் எடுத்தவர்; ஜேம்ஸ் பின்னாளில் தன் நினைவுக் குறிப்பில் அந்த நாட்களை விரிவாக எழுதியிருக்கிறார். 1968இல் தனக்குப் பாட்டு எழுதித் தந்தவர்களிடமிருந்து பிரிந்த ஜேம்ஸ், டிரம்ஸ் வாசித்த பீட்டர் லூசியாவோடு சேர்ந்து ‘கிரிம்சன் அண்ட் குளோவர்’ பாட்டை எழுதித் தானே தயாரித்தார். கடைசிப் பகுதியில் அவர் குரல் கிட்டார் ஆம்ப்ளிஃபயரின் ட்ரெமலோ வழியே போய், நீருக்கடியிலிருந்து வருவது போல் நடுங்குகிறது. 1969 பிப்ரவரியில் பாட்டு முதலிடத்தில் இருந்தது.

ஜேம்ஸ் குரலைக் கரைத்த விதத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. பாட்டின் பெரும்பகுதியில் குரல் சுத்தமாக, காதருகில் பாடுவது போல் ஒலிக்கிறது. ரசிகர் தனக்குத் தெரிந்தவரோடு இருக்கிறோம் என்று நம்பிய பிறகே குரல் நடுங்கத் தொடங்குகிறது. ‘குட் வைப்ரேஷன்ஸ்’ பாட்டிலும் இதே ஒழுங்குதான்: விசித்திரமான துண்டுகளுக்கு நடுவே யாரும் கூடப் பாடக்கூடிய ஒரு பல்லவி திரும்பத் திரும்ப வந்து கைகொடுக்கிறது. வெகுஜனப் பாடகர் செய்த சைகடெலிக் பாட்டுகளில் நிலைத்தவை பெரும்பாலும் இந்த ஒழுங்கைக் கொண்டவை.

மங்க்கீஸ் குழுவின் கதையும் இந்த வரிசையில் சேரும். 1966இல் ஒரு தொலைக்காட்சித் தொடருக்காகத் தேர்ந்தெடுத்துச் சேர்க்கப்பட்ட நால்வர். முதல் இரண்டு ஆல்பங்களில் அவர்கள் பெரும்பாலும் பாட மட்டுமே அனுமதிக்கப்பட்டார்கள். 1967 தொடக்கத்தில் அவர்கள் கலகம் செய்ய, இசைப் பொறுப்பிலிருந்த டான் கிர்ஷ்னர் நீக்கப்பட்டார். அந்த ஆண்டே மிக்கி டோலன்ஸ் வாங்கிய மூக் சின்தசைசர் அவர்கள் ஆல்பத்தில் ஒலித்தது. பாப் இசைத்தட்டுகளில் அக்கருவி வந்த மிக முந்தைய தடங்களில் அது ஒன்று. 1968இல் பாப் ரஃபெல்சன் இயக்கி, ஜாக் நிக்கல்சன் சேர்ந்து எழுதிய ‘ஹெட்’ திரைப்படத்தில் தங்கள் பிம்பத்தையே சிதைத்துக் காட்டினார்கள். படம் படுதோல்வி. கிர்ஷ்னரோ அடுத்து ‘த ஆர்ச்சீஸ்’ என்ற கார்ட்டூன் குழுவுக்குப் பாட்டு தயாரித்து 1969இல் முதலிடம் பிடித்தார். கார்ட்டூன் பாடகர்கள் கலகம் செய்யமாட்டார்கள்.

ரசிகர் தராத அனுமதி

அதிகாரம் கையில் இருந்தும் தோற்றவர்களே இந்த ஆய்வுக்குக் கடினமான சோதனை. ‘ஷெர்ரி’ முதலான பாட்டுகளில் ஃபிராங்கி வேலியின் வானுயரப் பொய்க்குரலால் அறியப்பட்டது ஃபோர் சீசன்ஸ் குழு. 1969 ஜனவரியில் அவர்கள் வெளியிட்ட ‘ஜென்யூன் இமிட்டேஷன் லைஃப் கெஸட்’ ஆல்பம் செய்தித்தாள் வடிவ அட்டையோடு வந்தது. குழுவின் பாப் காடியோவும் பாடலாசிரியர் ஜேக் ஹோம்ஸும் எழுதியவை அதன் பாட்டுகள்: இனவெறி, மணமுறிவு, நடுத்தர வர்க்கத்தின் போலி வாழ்வு. சாதாரண வேலை இல்லை. குரல் அடுக்குகளை இன்று கேட்டாலும் வியப்பு வரும். ஆனால் விற்கவில்லை. புதிய இசை கேட்டவர்கள் பழைய குழு என்று தொடவில்லை. பழைய ரசிகர்கள் தங்கள் குழுவை அதில் காணவில்லை. காடியோ-ஹோம்ஸ் இணை அடுத்து ஃபிராங்க் சினாட்ராவுக்கு எழுதிய ‘வாட்டர்டவுன்’ 1970இல் வந்து அதே கதிக்கு ஆளானது. ‘ரன்அவே’ புகழ் டெல் ஷானன் 1968இல் தன் இயற்பெயரையே தலைப்பில் வைத்து ஒரு சைகடெலிக் ஆல்பம் தந்தார், அதுவும் கரையேறவில்லை.

பிரிட்டனில் ஹோலீஸ் குழுவின் கிரஹாம் நாஷ், 1967 செப்டம்பரில் வந்த ‘கிங் மைடாஸ் இன் ரிவர்ஸ்’ பாட்டைத் தன் வழியின் தொடக்கம் என்று நம்பினார். தயாரிப்பாளர் ரான் ரிச்சர்ட்ஸ் ஐயப்பட்டார். பாட்டு 18ஆம் இடத்தோடு நின்றது. அடுத்து, எளிய பள்ளிக் காதல் பாட்டான ‘ஜெனிஃபர் எக்கிள்ஸ்’ ஏழாம் இடம் வரை ஏற, குழுவுக்கு வாதம் முடிந்தது. நாஷ் 1968 இறுதியில் விலகி அமெரிக்காவில் கிராஸ்பி, ஸ்டில்ஸ் இருவரோடும் சேர்ந்தார்.

இவர்களின் தோல்விக்குத் துணிச்சல் போதாமை காரணமில்லை. 18ஆம் இடம் வேறொரு குழுவுக்கு வெற்றி. முதல் பத்தில் வாழ்ந்த ஹோலீஸுக்கு அது எச்சரிக்கை. புதிதாக வந்தவரிடம் ரசிகர் எதிர்பார்ப்போடு வருவதில்லை. புகழ்பெற்ற குரலிடம் வருபவர் ஏற்கெனவே ஒரு வாக்குறுதியை வாங்கிவிட்டவர். வேலியின் பொய்க்குரல், ஹோலீஸின் முக்குரல் இசைவு போன்றவை அத்தகைய வாக்குறுதிகள். பீட்டில்ஸுக்கு மட்டும் மாறிக்கொண்டே இருப்பதே வாக்குறுதியாக அமைந்தது. அந்த விலக்கையே விதியாக எடுத்துக்கொண்டதுதான் மற்றவர்கள் செய்த தவறான கணிப்பு.

ஸ்டுடியோ வீட்டுக்கு வந்த பின்

1984இல் வெளியான ‘பர்ப்பிள் ரெயின்’ அமெரிக்காவில் 24 வாரம் முதலிடத்தில் இருந்தது. அதன் சூட்டிலேயே, 1985 ஏப்ரலில், பிரின்ஸ் ‘அரவுண்ட் த வேர்ல்ட் இன் எ டே’ ஆல்பத்தை முன்கூட்டி ஒரு சிங்கிள்கூட விடாமல், விளம்பரத்தைக் குறைத்து வெளியிட்டார். ஊத், விரல் தாளம், அறுபதுகளின் வண்ணம் கொண்ட அட்டை. சில வாரங்களில் முதலிடம். பெரும்பாலான பாட்டுகளை எழுதி, தயாரித்து, பல கருவிகளை வாசித்தவர் அவரே. குரலும் கரைக்கும் கையும் ஒருவருடையதாக இருந்ததால், மோட்டவுனில் எழுந்த சண்டைக்கு அங்கே இடமில்லை.

முப்பது ஆண்டு கழித்து ஸ்டுடியோ செலவின் நிலைமையும் தலைகீழானது. 2015 ஆகஸ்டில் மைலி சைரஸ், பெரும்பாலும் ஃபிளேமிங் லிப்ஸ் குழுவோடு சேர்ந்து செய்த 23 பாட்டுகளை இணையத்தில் இலவசமாகவே விட்டார். தன் நிறுவனத்தின் ஒப்பந்தக் கணக்கில் வராத அந்த ஆல்பத்துக்கு ஏறத்தாழ 50,000 டாலர் செலவானதாக அவரே பேட்டியில் சொன்னார். 1966இல் ஒரு மூன்றரை நிமிடப் பாட்டுக்கு ஆனதாகச் சொல்லப்படும் தொகை அது. அரை நூற்றாண்டின் விலைவாசி உயர்வைக் கணக்கில் எடுத்தால் எத்தனையோ மடங்கு மலிவு. ஸ்டுடியோ நேரம் அருமையான சரக்காக இருந்த காலம் போய்விட்டது.

அதே ஆண்டு ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமேண்டில் நகரில், தன் வீட்டு ஸ்டுடியோவில், டேம் இம்பாலா என்ற பெயரில் இயங்கும் கெவின் பார்க்கர் ‘கரண்ட்ஸ்’ ஆல்பத்தை ஒற்றை ஆளாக எழுதி, வாசித்து, பதிந்து, கலந்தும் முடித்தார். 2016இல் ரிஹானா அதன் ஒரு பாட்டைத் தன் ‘ஆன்ட்டி’ ஆல்பத்தில் பாடினார். இசைத் தடத்தை ஏறக்குறைய அப்படியே வைத்துக்கொண்டு குரலை மட்டும் மாற்றினார். லேடி காகா, துவா லிபா ஆகியோரும் பின்னர் பார்க்கரைத் தேடிப் போனார்கள். சைகடெலிக் ஒலி இப்போது தனியே விற்கும் ஒரு கைவினை. வேண்டும் பாடகர் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். யாருடைய மேடை வாழ்வும் அதற்காக முறிய வேண்டியதில்லை.

இந்த மலிவில் ஓர் இழப்பும் உண்டு. 1966 முதல் 1973 வரை நடந்த சோதனைகள் கூர்மையாக இருந்ததற்கு, ஒவ்வொரு மணி நேரத்துக்கும் யாரோ ஒருவர் பணம் கட்டியதும் யாரோ ஒருவர் எதிர்த்துப் பேசியதும் காரணம். கோர்டியின் தயக்கம், மைக் லவ்வின் கேள்வி, கெண்ட்ரிக்ஸின் சலிப்பு, ரிச்சர்ட்ஸின் ஐயம் எல்லாம் தடைகளாகவே வரலாற்றில் பதிந்திருக்கின்றன. அந்தத் தடைகள்தாம் விட்ஃபீல்டைத் தன் நீளத்துக்கு நியாயம் சொல்ல வைத்தன, வில்சனைப் பல்லவிக்குத் திரும்ப வைத்தன. எதிர்ப்பே இல்லாமல் 23 பாட்டுகளை ஒரே நாளில் வெளியிடும் சுதந்திரம் பாடகருக்குப் பெரிய வெற்றி. ஆனால் எந்தப் பாட்டை விட்டுவிடலாம் என்று அருகிலிருந்து சொல்ல ஓர் ஆள் இருந்திருந்தால், அந்தச் சுதந்திரத்தின் விளைச்சல் இன்னும் நல்லதாக இருந்திருக்கும்.